பெங்களூரில் தெரபிஸ்ட் தேடுறவங்களுக்கு: பெயர்ப் பட்டியல் வேண்டாம், சலிச்சு எடுக்கிற முறை சொல்லுங்க

மடிவாளா_மழை

"நல்ல தமிழ் தெரபிஸ்ட் யாராச்சும் சொல்லுங்க" என்று இங்கே ஓயாமல் பதிவு வருது. கீழே நாலு பேர் நாலு பெயர் போடுறாங்க, அதோட இழை செத்துப்போகுது. ஒருத்தருக்கு ஒத்துவந்தவர் இன்னொருத்தருக்கு ஒத்துவரணும்னு என்ன இருக்கு? அதனால் இந்த இழையில் பெயரே வேண்டாம். பெயர் கையில் கிடைச்ச பிறகு என்ன பார்க்கணும், எத்தனை அமர்வு வரைக்கும் பொறுக்கணும், எப்போ எழுந்து வரணும் என்பதை விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. பெங்களூர் நிலவரப்படி எழுதினா நல்லது. கட்டணம், மொழி, தூரம் மூணும் இங்கே தனித்தனித் தலைவலி.

நடுவர்

இழை பக்கத்தின் உச்சியில் பொருத்தி வைக்கப்பட்டுள்ளது. தனியார் தெரபிஸ்ட் பெயர், போன் எண் போட்டால் அழிக்கப்படும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருப்பவர்கள் இழையைப் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ்: 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, மொழித் தேர்வில் தமிழும் இருக்கிறது. ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் அரசு மனநல மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.

அல்சூர்_ஏரிக்கரை

முதலில் பட்டத்தைப் பார்த்துவிடுவோம். இதில்தான் ஏமாற்று அதிகம்.

"சைக்கியாட்ரிஸ்ட்" என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்த மருத்துவர். மருந்து எழுதலாம். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் சீட்டிலேயே இருக்கும். இருக்க வேண்டும்.

"கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி ஆர்.சி.ஐ. அங்கீகரித்த கிளினிக்கல் சைக்காலஜிப் படிப்பு, அல்லது சைக்காலஜியில் முதுகலையும் அதன் மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்.லும், அதுவும் மேற்பார்வையில் மருத்துவமனைப் பயிற்சியோடு. ஆர்.சி.ஐ. என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதில் பதிவும் வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத்தான் சி.ஆர்.ஆர். எண் என்கிறோம். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம், இரண்டு நிமிட வேலை.

பலரும் கோட்டை விடுவது இதில்தான். ஆர்.சி.ஐ. எண் இருந்தாலே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று நினைத்துவிடுகிறார்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர், செவித்திறன் நிபுணர், மறுவாழ்வு உளவியலாளர் எல்லாருக்கும் அதே கவுன்சில்தான் எண் கொடுக்கிறது. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு நேரே எந்தப் பிரிவு போட்டிருக்கிறது, பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

மீதி எல்லாம், அதாவது "கவுன்சலர்", "தெரபிஸ்ட்", "மைண்ட் கோச்", "லைஃப் கோச்", யாரும் மாட்டிக்கொள்ளக்கூடிய போர்டு. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டத்தின் பட்டியலில் கவுன்சலர்களும் வருகிறார்கள் என்பது உண்மை. சட்டம் வந்ததாலேயே போர்டு மாட்டியவர் எல்லாம் சோதிக்கப்பட்டவர் ஆகிவிடவில்லை. இரண்டு நாள் வார இறுதிப் பட்டறைச் சான்றிதழை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவரும் கவுன்சலர்தான், இரண்டு வருடம் முறையாகக் கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்ஸி. படித்தவரும் கவுன்சலர்தான்.

என் கருத்து: சந்தேகமிருந்தால் ஆர்.சி.ஐ. பதிவு உள்ளவரிடம் மட்டும் போங்கள்.

கேஆர்புரம்_கமலா

//ஆர்.சி.ஐ. பதிவு உள்ளவரிடம் மட்டும் போங்கள்//

ஏரிக்கரை சார், இதுல பாதிதான் ஒத்துக்குவேன். ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் வந்து, அதுக்காக ஒண்ணையே திரும்பத் திரும்பச் செய்யுறது), பைபோலார் (மனசு உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் மாறுறது), தீவிர மனச்சோர்வு, குரல் கேட்குறது, சாப்பாட்டுக் கோளாறு, தற்கொலை எண்ணம் – இதுக்கெல்லாம் நீங்க சொல்றது சரி. சைக்கியாட்ரிஸ்ட்டும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் சேர்ந்து பார்க்கணும். ஆனா வேலை போன துக்கம், விவாகரத்து, அப்பா அம்மாவோட ஓயாத சண்டை, புது ஊர்ல ஒட்டாத தனிமை – இதுக்கு நல்லாப் படிச்ச கவுன்சலர் போதும். பதிவு உள்ளவங்க எண்ணிக்கை குறைவு, அவங்ககிட்ட இடம் கிடைக்க மாசக்கணக்கா ஆகலாம். அதுக்குள்ள ஆள் உடைஞ்சு போயிடுவாங்க.

கவுன்சலர்னா ரெண்டு கேள்வி கேளுங்க. "நேரடியா ஆளை உட்காரவெச்சுப் பயிற்சி எத்தனை மாசம், எங்கே?" "இப்பவும் சூப்பர்விஷனுக்குப் போறீங்களா?" ரெண்டாவது கேள்விக்கு முகம் சுளிக்காம "ஆமா, மாசம் ரெண்டு தடவை என்னைவிட மூத்தவங்ககிட்ட கேஸ் பேசுறேன்"னு சொல்றவங்க பெரும்பாலும் தேறுவாங்க. "எனக்கு எதுக்குங்க சூப்பர்விஷன்"னு சொன்னா வேற ஆளைப் பாருங்க.

இன்னொண்ணு. எப்பவும் அசதி, எடை ஏறுது, தூக்கம் கெட்டுப்போச்சு, படபடப்புன்னு இருந்தா தெரபிக்கு முன்னாடியோ கூடவோ தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்துடுங்க. தைராய்டு கோளாறை பேச்சால குணப்படுத்த முடியாது.

அல்சூர்_ஏரிக்கரை

ஏற்கிறேன் கமலா அம்மா. "மட்டும்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். தீவிரமான நோய்க்கு மட்டும் அந்த "மட்டும்" இருக்கட்டும்.

எச்எஸ்ஆர்_பிஜி_வாசி

சரி, பட்டம் பார்த்தாச்சு. போன் பண்ணி என்ன பேசறது? "ஹலோ, எனக்கு மனசு சரியில்ல"ன்னா ஆரம்பிக்கிறது?

கேஆர்புரம்_கமலா

அப்படியே ஆரம்பிக்கலாம், தப்பில்ல. ஆனா முதல் போன்லயே முழுக் கதையும் சொல்லாதீங்க. பத்து நிமிஷத்துல முடியணும். நிறைய பேர் முதல் பேச்சுக்குக் காசு வாங்க மாட்டாங்க, அதையும் முதல்லயே கேட்டுடுங்க.

வாட்ஸ்அப்ல அனுப்ப ஒரு மாதிரி தர்றேன், உங்க நிலைமைக்கு மாத்திக்கோங்க:

"வணக்கம். வயது 29. நாலு மாதமாகத் திடீர் திடீரென நெஞ்சு படபடப்பு, மெட்ரோவில் ஏறப் பயம். இ.சி.ஜி. எடுத்தாச்சு, இதயத்தில் கோளாறு இல்லை. மருந்து எதுவும் எடுக்கவில்லை. தமிழில் பேச வேண்டும், இடையில் இங்கிலீஷ் கலக்கும். வேலை நாட்களில் மாலை 7-க்கு மேல் அல்லது சனிக்கிழமை. இந்தப் பிரச்சினைக்கு எந்த முறையில் வேலை செய்வீர்கள், கட்டணம் எவ்வளவு, ரத்து விதி என்ன என்று சொல்ல முடியுமா?"

இதுக்கு வர்ற பதில்லயே பாதி ஆள் தெரிஞ்சுடும். "வாங்க, பேசிப் பார்த்துக்கலாம்"னு மட்டும் வந்தா அது பதிலே இல்ல. "பேனிக்குக்கு (திடீர்ப் பீதி) சி.பி.டி. முறை (எண்ணத்தையும் செய்கையையும் மாத்திப் பழகுற பேச்சு சிகிச்சை), பொதுவா 12 அமர்வு கிட்ட ஆகும், முதல் அமர்வு மதிப்பீடு, நடுவுல வீட்டுல செய்யுற பயிற்சி இருக்கும்"னு வந்தா அது பதில். "மூணே அமர்வுல கேரண்டி"ன்னு வந்தா பிளாக் பண்ணிடுங்க.

சிவாஜிநகர்_டீக்கடை

முறை முறைன்னு சொல்றீங்களே, வர்றவங்களுக்கு எந்த முறைன்னு எப்படித் தெரியும்? அன்பாப் பேசுற ஆளா இருந்தா போதாதா? ஆள் பொருத்தம்தான் முக்கியம், முறை ரெண்டாம்பட்சம்னு ஆராய்ச்சியே சொல்லுதே.

கேஆர்புரம்_கமலா

டீக்கடை அண்ணா, அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. பொருத்தம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றது "அன்பாப் பேசுறது" மட்டும் இல்ல. எட்வர்ட் போர்டின் 1979-ல சொன்னது மூணு சேர்ந்தது: ரெண்டு பேருக்கும் நடுவுல பிணைப்பு, எங்கே போறோம்ங்கிற இலக்குல ஒத்த கருத்து, அதுக்கு என்ன வேலை செய்யப்போறோம்ங்கிறதுல ஒத்த கருத்து. பிணைப்பு மட்டும் இருந்து மத்த ரெண்டும் இல்லேன்னா அது நல்ல சிநேகிதம். மணிக்கு ரெண்டாயிரம் கொடுத்து சிநேகிதம் எதுக்கு?

சில பிரச்சினைக்கு முறைதான் உயிர். ஓ.சி.டி.யை எடுத்துக்கோங்க. அதுக்குரிய பேச்சு சிகிச்சை இ.ஆர்.பி. பயத்தை நேரா பார்க்கணும், பதிலுக்கு வழக்கமாச் செய்யுறதைச் செய்யக்கூடாது.

அழுக்குப் பயம்னு வெச்சுக்குவோம். தெரபிஸ்ட்டும் நீங்களும் உட்கார்ந்து, எதுக்கு எவ்வளவு பயம்னு நூறுக்கு மார்க் போட்டு ஒரு ஏணி போடுவீங்க. வீட்டுக் கதவுக் கைப்பிடி 30 மார்க். பி.எம்.டி.சி. பஸ் கம்பி 50. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள் 95. முப்பது, நாப்பதுல இருந்து ஆரம்பம். கைப்பிடியைத் தொடணும், கழுவக்கூடாது, அந்தக் கையாலயே பிஸ்கட் எடுத்துச் சாப்பிடணும். அம்மாவுக்கு போன் போட்டு "ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேக்குறதும் கழுவுற மாதிரிதான், அதுவும் கூடாது. இதே வேலை வாரம் பூரா வீட்டுலயும் நடக்கணும். பொதுவா 12 முதல் 20 அமர்வு.

இப்போ அன்பான, முறை தெரியாத ஒருத்தர்கிட்ட இதே ஆள் போறார். அவங்க என்ன செய்வாங்க? "ஒண்ணும் ஆகாதுங்க, கவலைப்படாதீங்க"ன்னு ஆறுதல் சொல்வாங்க. மூச்சுப் பயிற்சி கொடுப்பாங்க. ஆளுக்கு அன்னிக்கு நிம்மதி. ஆனா அந்த ஆறுதலே நோய்க்குத் தீனி. ஆறு மாசம் கழிச்சு அதே ஆறுதலைக் கேட்க வாரம் ஒரு தடவை வர்றார், கை கழுவுறது ரெண்டு மணி நேரமாயிருக்கு. தெரபிஸ்ட் நல்லவங்கதான். பொருத்தமில்லாதவங்க.

அதனால ஓ.சி.டி.ன்னா "இ.ஆர்.பி. எப்படிச் செய்வீங்க, ஒரு உதாரணம் சொல்லுங்க"ன்னு கேளுங்க. ஏணி, வீட்டுப்பாடம், கழுவாம இருக்கிறது – இந்த மூணும் பதில்ல வரணும். பேனிக்குன்னா உடம்பு அறிகுறியை வேணும்னே வரவழைச்சுப் பழகுறது வரணும். ஸ்ட்ரா வழியா மூச்சு விடுறது, நாற்காலியில சுத்துறது மாதிரி. பழைய கொடுமை, விபத்து, பாலியல் வன்முறைன்னா ஈ.எம்.டி.ஆர். (கண்ணை அசைச்சுக்கிட்டே பழைய நினைவைக் கையாளுற முறை) அல்லது அதிர்ச்சிக்குரிய சி.பி.டி. பயிற்சி இருக்கான்னு பாருங்க. முதல் நாளே "நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னு தோண்டுறவங்க வேண்டாம். தன்னையே காயப்படுத்திக்கிற பழக்கம், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற உணர்ச்சின்னா டி.பி.டி. (உணர்ச்சியைக் கையாளக் கத்துக்கொடுக்குற முறை) தெரிஞ்சவங்க வேணும்.

துக்கம், தனிமை, வாழ்க்கைக் குழப்பம் இதுக்கெல்லாம் முறை பத்தி இவ்வளவு கறாரா இருக்கத் தேவையில்ல. அங்கே நீங்க சொல்ற ஆள் பொருத்தம் முன்னாடி வரும்.

சிவாஜிநகர்_டீக்கடை

சரிங்க, பிஸ்கட் உதாரணத்துல புரிஞ்சுது. ஆனா மொழியை ஒருத்தரும் தொடலையே. இந்த ஊர்ல அதுதானே பெரிய சிக்கல்?

தமிழ் தெரபிஸ்ட் கிடைக்கலன்னா மூணு வகை ஆள் கிடைக்கும். தமிழ் சரளமாப் பேசுற மலையாளி, கன்னடக்காரர். தமிழ் புரியும், ஆனா இங்கிலீஷ்ல பதில் சொல்றவர். தமிழே தெரியாதவர். நடுவுல இருக்கிறவரைத் தள்ளிவிடாதீங்க. இந்த ஊர்ல அந்த வகைதான் நிறைய. நீங்க தமிழ்ல கொட்டுறது அவங்களுக்குப் போய்ச் சேர்ந்தா போதும், பதில் எந்த மொழியில வந்தா என்ன.

ஆனா "தமிழ் புரியும்"னு சொல்றது சினிமா பார்க்கிற அளவுக்கா, மனசு பேசுற அளவுக்கான்னு சோதிக்கணும். முதல் போன்லயே ரெண்டு வாக்கியம் போட்டுப் பாருங்க. "நாத்தனார் முன்னாடி என்னை வாழாவெட்டின்னு சொல்லிட்டாங்க, அன்னையில இருந்து மனசே ஒரு மாதிரி இருக்கு." வாழாவெட்டிக்கு இங்கிலீஷ்ல "பிரிஞ்சு வாழுறவ"ன்னு சொன்னா அந்தச் சொல்லோட விஷம் பூரா இறங்கிடும். நாத்தனார், ஓரகத்தி, அண்ணி, கொழுந்தியா நாலு பேரும் இங்கிலீஷ்ல ஒரே ஆள். யார் முன்னாடி சொன்னாங்கங்கிறதுலதான் அவமானமே இருக்கு. தெரபிஸ்ட் "நாத்தனார்னா யாரு, அந்தச் சொல்லு உங்களுக்கு எப்படி இருந்துச்சு"ன்னு நிறுத்திக் கேட்டா நல்ல ஆள், தமிழ் அரைகுறையா இருந்தாலும். "ஓகே ஓகே"ன்னு தலையாட்டிட்டுத் தாண்டிப்போனா தமிழ்ல எம்.ஏ. படிச்சிருந்தாலும் வேண்டாம்.

இங்கிலீஷ்லயே பேசலாம்னு போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபீஸ் இங்கிலீஷ் வேற, அழுற மொழி வேற. இங்கிலீஷ்ல சொல்லும்போது எல்லாம் மீட்டிங் அறிக்கை மாதிரி நேர்த்தியா வரும், கண்ணுல ஒரு சொட்டு வராது. அப்படி ரெண்டு மூணு அமர்வு போச்சுன்னா தெரபிஸ்ட்கிட்ட சொல்லிட்டு அந்த இடத்தை மட்டும் தமிழ்ல பேசுங்க. அவங்களுக்குப் புரியலைன்னாலும் பரவாயில்ல, பேசி முடிச்சிட்டு அப்புறம் விளக்கலாம்.

அல்சூர்_ஏரிக்கரை

டீக்கடைக்காரர் எழுதியதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ் தெரபிஸ்ட் என்பதாலேயே சில சிக்கல் வரும். "எந்த ஊரு? அங்க எந்தத் தெரு? யாரு வீடு?" என்று சுற்றிவளைத்துச் சாதிக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். குடும்ப அமைப்பைப் புரிந்துகொள்ளக் கேட்பது வேறு, இது வேறு. வித்தியாசம் கேட்கும் தொனியிலேயே தெரியும். சாதி மீறிய காதல், மதம், தன்பாலீர்ப்பு ஆகியவைதான் உங்கள் பிரச்சினையின் நடுவில் இருக்கிறதென்றால் முதல் பேச்சிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்: "இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?"

தன்பாலீர்ப்பை "மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அது கருத்து வேறுபாடு இல்லை, தொழில் ஒழுங்கீனம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் நடந்த வழக்கைத் தொடர்ந்து, 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவர்கள் பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை செய்வதை ஒழுங்கீனம் என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. மனநலப் பராமரிப்புச் சட்டமும் பாலீர்ப்பின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது.

ஒத்தை_மாட்டு_வண்டி

காசு கணக்கு நான் போடறேன்.

பெங்களூர்ல தனியா தொழில் பண்ற தெரபிஸ்ட்டுங்க 50 நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,000-ல இருந்து 3,000 வரை வாங்குறாங்க. இந்திராநகர், கோரமங்களான்னா அதுக்கு மேலயும் போகும். மக்கள் செய்யுற தப்பு: ஒரு அமர்வு விலையைப் பார்த்து முடிவு பண்றது. மூணு மாசத்தைப் பாருங்க. வாரம் ஒண்ணு வீதம் 12 அமர்வு. 2,500 ரூபா ஆள்னா 30,000. 1,200 ரூபா ஆள்னா 14,400. முதல் ஆள்கிட்ட அஞ்சோட காசு தீர்ந்து நின்னுபோறதைவிட ரெண்டாவது ஆள்கிட்ட பன்னெண்டும் முடிக்கிறது மேல். வாரத்துக்கு ஒண்ணுங்கிறதை மாசத்துக்கு ஒண்ணுன்னு இழுத்து மிச்சம் பிடிக்காதீங்க. ஆரம்பத்துல இடைவெளி விட்டா ஒவ்வொரு தடவையும் நடந்த கதை சொல்றதுலயே நேரம் போயிடும்.

"கட்டணம் குறைக்க வழி இருக்கா"ன்னு கேக்க வெட்கப்பட வேண்டாம். வருமானத்துக்கு ஏத்த மாதிரி காசு வாங்குற சில அமர்வு நேரங்களை நிறைய தெரபிஸ்ட்டுங்க ஒதுக்கி வெச்சிருப்பாங்க, ஆனா போர்டுல எழுத மாட்டாங்க. அதேசமயம் "பத்து அமர்வு மொத்தமா கட்டுங்க, 20 சதவீதம் தள்ளுபடி"ன்னா கட்டாதீங்க. பொருந்தலைன்னா எழுந்து வர்ற உரிமையை வித்துட்டீங்கன்னு அர்த்தம்.

ரத்து விதியை எழுத்துல வாங்குங்க. 24 மணி நேரத்துக்குள்ள ரத்து பண்ணினா முழுக் கட்டணம்ங்கிறது சகஜம், அநியாயம் இல்ல. ஆனா அவங்க கடைசி நிமிஷத்துல ரத்து பண்ணினா என்னங்கிறதையும் கேளுங்க.

தூரம். மாரத்தஹள்ளியில வேலை, ஜெயநகர்ல தெரபின்னா போக வர மூணு மணி நேரம், சில்க் போர்டு டிராஃபிக்ல அழுகையும் வத்திடும். முதல் ஒண்ணு ரெண்டு நேர்ல, மீதி ஆன்லைன்லன்னு பேசிக்கலாம். கவனிக்க: தற்கொலை எண்ணம் இருந்தா முழுக்க ஆன்லைன் வேண்டாம்.

காசே இல்லைன்னா அரசு வழி. நிம்ஹான்ஸ் வெளிநோயாளர் பிரிவு ரொம்பக் குறைஞ்ச செலவு. காலையில சீக்கிரம் போகணும், முதல் நாள் பதிவு, ஸ்க்ரீனிங்னு போயிடும். பேசுறவர் பயிற்சி மருத்துவரா இருப்பார், மேல மூத்தவங்க மேற்பார்வை உண்டு. அதைக் குறைவா நினைக்காதீங்க, தனியா உட்கார்ற பலருக்கு அந்த மேற்பார்வையே கிடையாது. குறைன்னா, வாரா வாரம் அதே முகத்துகிட்ட உட்கார்ற தெரபி எல்லாருக்கும் உடனே கிடைக்காது. சிவாஜிநகர் பௌரிங் அரசு ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு. கோரமங்களா செயின்ட் ஜான்ஸ்லயும் உண்டு, ஆனா அது அரசு ஆஸ்பத்திரி இல்ல.

இன்சூரன்ஸ்: உடம்பு நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியேன்னு 2017 சட்டம் 21-ஆம் பிரிவு சொல்லுது. ஆனா உங்க பாலிசி மருத்துவமனையில படுத்தா மட்டும்தான் கொடுக்கும்னா தெரபி பில்லுக்கும் கொடுக்காது. ஓ.பி.டி. (படுக்காம வந்து பார்த்துட்டுப் போறது) சேர்ந்த பாலிசியான்னு பாருங்க. இருந்தா பில்லுல பதிவு எண் இருக்கணும், அது இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பிடுவாங்க.

எச்எஸ்ஆர்_பிஜி_வாசி

கம்பெனியே இலவசமா கவுன்சலிங் தருதே? எச்.ஆருக்குப் போயிடுமோன்னுதான் பயம்.

அல்சூர்_ஏரிக்கரை

பெரும்பாலும் கம்பெனிக்குப் போவது "இந்த மாதம் இத்தனை பேர் பயன்படுத்தினார்கள்" என்ற எண்ணிக்கைதான். "பெரும்பாலும்" என்பதை நம்பி உட்கார வேண்டாம். முதல் அழைப்பிலேயே கவுன்சலரிடம் கேளுங்கள்: "என் பெயர், நான் பேசுவது, குறிப்பு இவற்றில் எது கம்பெனிக்குப் போகும்? எழுத்தில் அனுப்புவீர்களா?" சொந்த மெயில், சொந்த போன் பயன்படுத்துங்கள். ஆபீஸ் லேப்டாப்பும் ஆபீஸ் காலண்டரும் வேண்டாம். தெரபிஸ்ட் வாய் திறக்காமல் இருந்து, காலண்டரில் "மனநல அமர்வு மாலை 5" என்று நீங்களே போட்டு வைத்தால் யாரைக் குறை சொல்வது? இலவச அமர்வு எத்தனை, முடிந்ததும் அதே ஆளிடம் காசு கொடுத்துத் தொடர முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். நாலாவது அமர்வில் கதை சூடுபிடிக்கும்போது ஆள் மாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ரகசியம் என்று பொதுவாக எடுத்துக்கொண்டால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை தருபவருக்கு ரகசியக் கடமை விதிக்கிறது. விதிவிலக்குகள் உண்டு: உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு முதலியவை. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இதையெல்லாம் தெரபிஸ்ட் முதல் அமர்வில் தானாகவே சொல்ல வேண்டும், ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். "எல்லாமே ரகசியம், கவலையே வேண்டாம்" என்று மொட்டையாகச் சொல்பவருக்கு விதி தெரியவில்லை, அல்லது மறைக்கிறார்.

நம் வீடுகளில் ஒன்று நடக்கும். அம்மாவோ மாமாவோ தெரபிஸ்ட்டுக்கே போன் போட்டு "பையன் என்ன சொன்னான், கொஞ்சம் நீங்களே எடுத்துச் சொல்லுங்க" என்பார்கள். காசு கட்டுவது அவர்களாக இருந்தால் இன்னும் அதிகம். 18 தாண்டியவர் என்றால் உங்கள் அனுமதியின்றி வாய் திறக்கக்கூடாது. முன்கூட்டியே கேளுங்கள்: "வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன சொல்வீர்கள்?" சரியான பதில்: "அவர் இங்கே வருகிறாரா என்பதைக்கூடச் சொல்ல மாட்டேன்."

தம்பதி தெரபிக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: தனியாகச் சொல்வதை மற்றவரிடமிருந்து மறைப்பீர்களா, மறைக்க மாட்டீர்களா? எந்த விதியாக இருந்தாலும் முதலிலேயே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அடிதடி இருந்தால் தம்பதி தெரபி வேண்டவே வேண்டாம். அங்கே உண்மை பேசியதற்கு வீட்டில் அடி விழும்.

மடிவாளா_மழை

அருமை. இப்போ கடைசிக் கேள்வி. போக ஆரம்பிச்சாச்சு. பொருந்துதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தெரபின்னாலே ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும்னும் சொல்றாங்களே.

கேஆர்புரம்_கமலா

வலிக்கிறதுல ரெண்டு வகை. சொல்லாததைச் சொன்ன வலி ஒண்ணு: வெளியே வந்ததும் களைப்பா இருக்கும், ஆனா அடுத்த வாரம் போகணும்னு தோணும். சின்னப்படுத்தப்பட்ட வலி இன்னொண்ணு: அடுத்த தடவை என்ன சொல்லலாம், எதை மறைக்கலாம்னு ஒத்திகை பார்ப்பீங்க. ஒத்திகை பார்க்க ஆரம்பிச்சிட்டா ஏதோ சரியில்ல.

உணர்ச்சியை மட்டும் நம்பாம அளந்து பாருங்க. மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9ன்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, தமிழ்லயும் இருக்கு. போன ரெண்டு வாரத்தைப் பத்தி ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மார்க். 10 அல்லது அதுக்கு மேல இருந்தா கவனிக்கணும். முதல் அமர்வுக்கு முன்னாடி போட்டு வெச்சுக்கோங்க, நாலு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடுங்க. அஞ்சு மார்க் இறங்கினா உண்மையான முன்னேற்றம். ஒண்ணு ரெண்டு ஏறி இறங்குறது அந்த வாரத்து வெயில் மழை மாதிரி. ஒன்பதாவது கேள்வி சாகுற எண்ணம் பத்தினது, அதுல பூஜ்யம் இல்லைன்னா மொத்தம் எவ்வளவா இருந்தாலும் தெரபிஸ்ட்கிட்ட உடனே சொல்லணும்.

பொருத்தத்துக்கே ஒரு அளவுகோல் இருக்கு, அமர்வு மதிப்பீட்டு அளவை. பத்து சென்டிமீட்டர்ல நாலு கோடு. என்னைக் கேட்டாங்களா, நான் பேச வந்ததைப் பேசினோமா, முறை எனக்குச் சரிப்படுதா, மொத்தத்துல இன்னிக்கு எப்படி. ஒவ்வொண்ணுலயும் ஒரு குறி போடணும், கூட்டினா 40. முப்பத்தாறுக்குக் கீழே வந்தா அதை அப்பவே பேசணும். நம்ம ஆளுங்ககிட்ட ஒரு குணம், மரியாதைக்காக எல்லாத்துக்கும் பத்து போட்டுட்டு அடுத்த வாரம் வராம நின்னுடுவோம். பத்து போட்டு ஓடிப்போறதைவிட ஏழு போட்டு உட்கார்றது நல்லது.

எப்படிச் சொல்றது? "மேடம், போன வாரம் நீங்க அம்மா பக்கமும் யோசிச்சுப் பாருன்னு சொன்னது எனக்குக் குத்துச்சு. அதைப் பத்திப் பேசலாமா?" இவ்வளவுதான். நல்ல தெரபிஸ்ட் "சொன்னதுக்கு நன்றி, எங்கே குத்துச்சு"ன்னு கேட்பாங்க. அந்தப் பேச்சுக்கு அப்புறம் பிணைப்பு முன்னைவிட இறுகுறதும் உண்டு. "நீங்க டிஃபென்ஸிவ்வா இருக்கீங்க"ன்னு உங்க மேலயே திருப்பினா ஒரு தடவை மன்னிக்கலாம், ரெண்டாவது தடவை கிளம்பிடுங்க.

என் கணக்கு: மூணு அமர்வுல உங்க பிரச்சினையை அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க, சரியா இருக்கணும். நாலு, அஞ்சுக்குள்ள இலக்கு எழுத்துல இருக்கணும். ஆறு முதல் எட்டுக்குள்ள மார்க்கோ வாழ்க்கையோ கொஞ்சமாவது அசையணும். அசையலைன்னா "முறையை மாத்தணுமா, ஆளை மாத்தணுமா, சைக்கியாட்ரிஸ்ட்டைப் பார்க்கணுமா"ன்னு சேர்ந்து பேசுங்க.

மூணு அமர்வெல்லாம் காத்திருக்காம அன்னிக்கே எழுந்து வர வேண்டியதும் உண்டு. தன் சொந்தக் கதையையே பேசுறவர். ஜாதகம், பரிகாரம் சொல்றவர். சைக்கியாட்ரிஸ்ட் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்றவர், அதுக்கு அவங்களுக்கு அதிகாரமே கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு "என்ன பண்றீங்க"ன்னு வாட்ஸ்அப் அனுப்புறவர். தொடுறவர். இதுக்கெல்லாம் விளக்கம் கேட்க வேண்டியதில்ல.

ஒத்தை_மாட்டு_வண்டி

மாத்தறதா முடிவு பண்ணினா சொல்லாம நின்னுடாதீங்க. ஒரு கடைசி அமர்வு வெச்சு, இதுவரைக்கும் என்ன செஞ்சோம்னு சுருக்கம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்க. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி உங்க மருத்துவப் பதிவைக் கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. அடுத்த ஆள்கிட்ட அந்த ஒரு பக்கம் ரெண்டு அமர்வைக் காப்பாத்தும், அதோட காசும் மிச்சம்.

எச்எஸ்ஆர்_பிஜி_வாசி

ஒரே ஒரு சின்ன சந்தேகம். ஆன்லைன்னா ரூம்மேட் இருக்கிற பி.ஜி. விடுதியில எங்கே உட்கார்ந்து பேசறது? சுவர் அட்டை மாதிரி இருக்கு.

சிவாஜிநகர்_டீக்கடை

தம்பி, இது சின்ன சந்தேகமே இல்ல. பாதிப் பேர் ஆன்லைன் தெரபி பலிக்கலன்னு சொல்றதுக்குக் காரணமே பக்கத்துக் கட்டில்தான். ரூம்மேட் ஷிஃப்ட்டுக்குப் போற நேரத்துக்கு அமர்வை மாத்திக் கேளுங்க. இல்லைன்னா மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடுற கோவொர்க்கிங் போன் அறை. கஃபே வேண்டாம், அங்கே அழ முடியாது. மொட்டைமாடி ஏழு மணிக்கு மேல பரவாயில்ல, ஆனா மைக்குல காத்து இரையும், ஒயர் இயர்போன் போட்டு மைக்கைச் சட்டைக்குள்ள விடுங்க. கதவுக்கு வெளியே ஃபேனையோ பாட்டையோ ஓடவிட்டா பேச்சு கலங்கிடும், வெளியே நிக்கிறவங்களுக்கு வார்த்தை பிரியாது. தெரிஞ்சவங்க கார் இருந்தா அதுதான் முதல் தரம், ஆனா பேஸ்மென்ட்டுல நிறுத்தாதீங்க. முந்தின நாளே அங்கே உட்கார்ந்து அம்மாவுக்கு ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷம் அறுபடாம ஓடினா அந்த இடம் சரி.